முப்பதடி ஒட்டிய என் முகம்

நான் இறந்துபோன செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஐந்து நாற்பது. சொன்னவர் நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பி. மனைவியின் போனை எடுத்தது நான். "அக்கா..." என்று பெருங்குரலில் அழுதவர், நான் "என்ன மச்சான்?" என்றதும் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடும் தைரியம் அவருக்கு வர இரண்டு நிமிடம் ஆனது.

"மாமா... நீங்கதானா பேசுறது?"

"நான்தான்."

"ஊரு பூரா உங்க போஸ்டரு ஒட்டியிருக்காங்களே மாமா!"

உயிரோடு இருக்கும் ஒருவரை ஒரே ராத்திரியில் இவ்வளவு சுத்தமாகச் சாகடிக்கக்கூடிய ஆள் கடலூர் மாவட்டத்தில் ஒருவர்தான். மஞ்சக்குப்பத்தில் போஸ்டர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் முப்பதடி.

முப்பது அடி தூரத்தில் நின்று படிக்க முடியாத போஸ்டரை அவர் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டார். ஆர்டர் கொடுத்தவரை ரோட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்க வைப்பார். இவர் இந்தப் பக்கம் போஸ்டரைத் தூக்கிப் பிடித்தபடி ஓடுவார். "பஸ்ஸுல போறவனுக்கு இவ்ளோதான் டைமு! என்னா படிச்சீங்க?" என்று கத்துவார். எதிரே இருப்பவர் திணறினால் அங்கேயே கிழித்துப் போடுவார். சுவர்களைப் பார்ப்பதற்காகவே ஜன்னல் சீட்டில் சிதம்பரம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவார்.

லால்பேட்டையிலிருந்து ஒரு பாய், பிரியாணிக் கடைக்குப் பதினான்கு வரி எழுதிக்கொண்டு வந்தார். முப்பதடி பேனாவால் அடித்துக்கொண்டே போனார். மிஞ்சியது, 'பிரியாணி. இடது பக்கம்.' பாய் பதறிவிட்டார். "எங்க வாப்பா பேராச்சும் போடுங்க!"

"வாப்பாவா கிண்டுறாரு?"

செல்போன் கடை திறந்த ஒருவர் மாமன் மச்சான் என்று முப்பத்திரண்டு போட்டோவோடு வந்தார். "இவ்ளோ பேரு ஒங்களுக்கு இருக்காங்களே, இவுங்களே வந்து வாங்கிட்டுப் போவட்டும். போஸ்டரு எதுக்கு?" என்று அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம் நானாகத்தான் போனேன். என் மகள் கண் பரிசோதனைப் படிப்பு படித்து, புதுச்சேரியில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை திறக்கிறாள். நான் மாதச் சம்பளத்திலேயே ஆயுளைக் கழித்தவன். திறக்கிற அன்று ஒருவரும் வராவிட்டால் பெண் எப்படித் தாங்குவாள் என்று மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நடிகை மூஞ்சிய எவனும் நம்ப மாட்டான்" என்றார் முப்பதடி. "பொண்ணு குடுக்குற கண்ணாடிய மொதல்ல அப்பன் போட்டுக்கணும். உக்காருங்க சார்."

மகள் கொடுத்த புதுக் கண்ணாடியோடு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. சீட்டுக் கம்பெனி மாதிரி இருக்கு."

ஊரெல்லாம் கலர் என்பதால் கறுப்பு வெள்ளை. நான் நிஜமான ஆள் என்று தெரிவதற்காக முகத்துக்குக் கீழே என் பெயர். அப்புறம் ஞாயிறு காலை ஒன்பது மணி. கடைசியில் கடையின் பெயரும் முகவரியும்: 'தெளிவு, கீழ வீதி, சிதம்பரம்.'

"கண்ணாடிக் கடைன்னு போட வேணாமா?"

"மூஞ்சியில கண்ணாடி இருக்குல்ல? அதையே எழுத்துலயும் போடுவாங்களா?"

டீக்கடையில் நின்று படித்துப் பார்த்தேன். ஓர் எழுத்து தப்பவில்லை. பிரமாதம் என்று சொன்னவன் நான்தான்.

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவனுக்குத் தனி போஸ்டர் கிடையாது. சுற்றிலும் முப்பது சொந்தக்காரர்கள் கலரில் கும்பிடுவார்கள். ஒரு மனிதனுக்கு முழுக் காகிதமும் கிடைப்பது அவன் போன பிறகுதான். அதுவும் கறுப்பு வெள்ளையில், கீழே எடுக்கும் நேரமும் இடமும் போட்டு. இது எனக்கும் தெரியும், முப்பதடிக்கும் தெரியும். எழுத்துத் தெரிகிறதா என்ற கவலையில் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

எட்டரை மணிக்கு கீழ வீதியில் கூட்டம். நெல்லிக்குப்பத்திலிருந்து, மச்சான் தகவல் சொல்வதற்குள் கிளம்பிவிட்ட ஒரு வேன் நிறைய ஆள். என் பழைய ஆபீஸ்காரர்கள் கையில் மாலையோடு. நிலத் தகராறில் எட்டு வருஷமாகப் பேசாத என் பெரியப்பா மகன் சுவரில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தார். நான் கடைக்குள் ஷட்டருக்குப் பின்னால் நின்றேன்.

"வெளிய வராதீங்கப்பா, பயந்துடுவாங்க" என்றாள் மகள். கொஞ்சம் யோசித்து, "வராட்டி இன்னும் அழுவாங்க. வாங்க" என்றாள்.

வந்தேன். வீதி அப்படியே நின்றது.

"என்னடா இது? காபிகூட குடிக்காம வந்தோம்!" என்று முதலில் சீறியவர் பெரியப்பா மகன்தான். அடுத்த நிமிடம் என்னைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதார்.

மகள் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை. "எல்லாரும் அழுத கண்ணோட இருக்கீங்க, இப்போ செக் பண்ண முடியாது. காபி வருது. பத்து நிமிஷம் உக்காருங்க, ஒவ்வொருத்தரா பாக்குறேன்" என்றாள். உட்கார்ந்தார்கள். மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடை வாசலில் வரிசையாகக் கட்டினோம். வீதியில் போனவர்களுக்கு அது திறப்பு விழாவாகத்தான் தெரிந்தது. அவர்களும் உள்ளே வந்தார்கள். மதியத்துக்குள் டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று.  இப்போதும் விடிகாலையில் போன் அடித்தால் மனைவியையே எடுக்கச் சொல்கிறேன்.

முப்பதடி வந்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாக, கையில் ஒரு ரோஜா மாலையோடு முப்பதடி இறங்கினார். "போஸ்டர்ல இருந்த சாரு போயிட்டாராம்" என்று டீக்கடைக்காரர் சொல்ல, அவரும் நம்பிவிட்டார்!

என்னைப் பார்த்ததும் மாலை கீழே விழுந்தது. கிட்டே வந்து, என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.  அப்புறம் கடைக்குள் இருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"கை சூடாத்தாங்க இருக்கு."