இருபது குச்சியும் ஒரு முழுப் பப்பாளியும்

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.10. மேகம் இல்லை, முற்றத்துத் தெர்மாமீட்டரில் 24 டிகிரி. நான் தனியாக வாழ லாயக்கில்லாதவன் என்று எங்கள் கட்கி வீட்டில் முடிவானது அப்போதுதான்.

மனைவி இறந்த பதினோரு மாதமாக மகன் அருளுக்கு ஒரே பாட்டு: வீட்டை விற்றுவிட்டு நகரின் இன்னொரு மூலையில், வாகடில் இருக்கும் அவன் ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும். நானே சமைத்துப் போட்டால் வாயை மூடுவான் என்று அவனையும் மருமகள் நிர்மலாவையும் பேத்தியையும் அழைத்தேன். குச்சியில் கோத்துச் சுட்ட எருமைக்கறி. தொட்டுக்கொள்ள, நிர்மலா ஆபீஸ் விருந்தில் சாப்பிட்டுவிட்டுப் புகழ்ந்த தாய்லாந்துச் சாஸ்: சோயா, எலுமிச்சை, வெல்லம், வேர்க்கடலை. கறி இரண்டு கிலோ, நூறு துண்டு, இருபது குச்சி. (எண்ணினேன். இரண்டு முறை.)

எருமைக்கறி முரடு. மனைவி ஒரு துண்டு பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஒரு மணி நேரம் ஊறவைப்பாள். நானோ தோட்டாத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்டர். எதிலும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டி வைத்தே பழக்கம். கூட்டினேன்.

கரி கனிந்ததும் குச்சிகளை அடுக்கினேன். கறி தணலில் விழவில்லை, வழிந்தது. ஏழு நிமிடத்தில் நூறு துண்டும் போயின. குச்சிகள் மட்டும் துடைத்துவைத்ததுபோல் இருந்தன.

"பப்பாளி எவ்ளோப்பா போட்டீங்க?" என்றான் அருள்.

"ஒண்ணு."

"ஒரு துண்டா?"

"ஒரு காய்."

"எவ்ளோ நேரம்?"

"பதினாலு மணி இருபது நிமிஷம்."

அவன் உட்கார்ந்துவிட்டான். "நாளைக்கு கேஸையும் இப்படித்தான் மறந்துட்டுப் போவீங்க."

"மறக்கலடா. கணக்குப் பண்ணித்தான் வெச்சேன்."

"அதாம்ப்பா பயமா இருக்கு."

"விடுங்க, மாமா சாஸ் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க," என்றாள் நிர்மலா. உண்மையிலேயே நன்றாக இருந்தது. தொட்டுக்கொள்ள எல்லாம் தயார், தொடுவதற்குத்தான் ஒன்றுமில்லை. அருள் போய்ப் பாவ் ரொட்டி வாங்கிவந்தான். நான்கு பேரும் முகத்தைப் பார்க்காமல் பாவைச் சாஸில் தொட்டுத் தின்றோம். அத்தோடு என் கட்சி தோற்றது.

இப்போது அருள் ஃபிளாட்டில், பதினோராவது மாடியில் இருக்கிறேன். பால்கனியில் நெருப்பு மூட்டத் தடை. அடுப்பைத் தொட எனக்குத் தடை. சோறு குழைந்து மேசைக்கு வந்தால் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா கணக்கா?" மூவரும் சிரிக்கிறார்கள். நான் பருக்கைகளைப் பார்க்கிறேன்.

கறி, கரி, குச்சி, சாஸ் சாமான், பப்பாளி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு: ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து ரூபாயும் ஒரு வீடும். (பாவ் அருள் கணக்கு.)