பேர் வெட்டினால் ஆள் இல்லை

உயிரோடு இருந்த மனிதர்களைத் துணி மூடாமல், மந்திரம் சொல்லாமல் மறைய வைத்தவர் தென்காசித் தாலுகாவிலேயே ஒருவர்தான். அவர் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. பேர்வெட்டி என்போம்.

ஐம்பதுகளின் கடைசியில், குற்றாலத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவின் பின்கட்டில் மேஜிக் பள்ளிக்கூடம் நடத்தினார். மாணவர்கள் மூன்று பேர்: தையல்காரர் காசிம், காபி கிளப் மாணிக்கம், சைக்கிள் கடை வைத்திருந்த நான். மூவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனாலும் தினமும் பதிவேட்டை விரித்து ஆஜர் எடுப்பார். “உள்ளேன் ஐயா” சொல்ல வேண்டும்.

புறா கைமீறிப் பறந்தால், “பேரை வெட்டிருவேன் வே!” கொட்டாவி விட்டால், “வெட்டிருவேன்!”

வெட்டவும் செய்வார். பேர் வெட்டப்பட்டவன் இல்லாதவன். அவனைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பேசினால் நம் பெயரும் போகும். காசிம் ஒருமுறை மூன்று நாள் அப்படி எங்கள் நடுவே அலைந்தார். திரும்பச் சேர்த்தபோது, “கடைத்தெருவுலயும் ஒருத்தங்கூட என்னக் கூப்பிடல வே” என்றார். சிரித்தோம். சிரிப்பு சரியாக வரவில்லை.

சீசன் கூட்டத்துக்கு வித்தை காட்ட ஒரு வாரம் இருந்தபோது, ஆளை மறைக்கும் பெட்டியின் பின்பலகை நகரும் ரகசியத்தை மாணிக்கம் காபி கிளப்பில் உளறிவிட்டான். பேர் போயிற்று. நியாயமா? ரகசியத்தை வைத்துப் பிழைக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கண்டிப்பு வேண்டும்தான். வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனிதனை இல்லை என்று சொல்ல எவனுக்கு உரிமை இருக்கிறது? இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறுநாள் மாணிக்கம் வந்து கெஞ்சினான். நாங்கள் சுவரைப் பார்த்தோம். “பெட்டிக்குள்ள போறேன். மறைஞ்சு வந்தா அப்பவாவது பார்ப்பியளா?” என்று உள்ளே இறங்கினான். மூடி விழுந்தது. வெளிக்கொக்கி தானாக மாட்டிக்கொண்டது. சாரலில் ஊறிய பின்பலகை நகரவில்லை.

தட்டினான். காசிம் கைக்குட்டையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். நானும் சீட்டுக் கலைத்தேன். எங்களுக்கு வெட்கமே இல்லை. தட்டல் வேகமாயிற்று. பிறகு மெதுவாயிற்று. பிறகு அருவிச் சத்தம் மட்டும்.

“அண்ணாச்சி, ஆளு செத்துருவான்!” என்று கத்தினேன்.

“எந்த ஆளு?” என்றார் பேர்வெட்டி. நடிக்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார், அவர் கண்ணுக்கு அதற்குள் ஆள் இல்லை.

நான் கொக்கியை உதைத்து உடைத்தேன். முகம் நீலம் பாரித்த மாணிக்கம் எழுந்து உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்தான். “நான் இருக்கேனா லே?”

“இருக்க, இருக்க. வாயை மூடு.”

அப்போதுதான் பேர்வெட்டிக்கு அவன் தெரிந்தான். பதிவேட்டைத் திறந்து கடைசி வரியில் தன் பெயரை எழுதினார். நாங்கள் படிப்பதற்குள் குறுக்கே கோடு போட்டுவிட்டார். துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஒழியட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கால் பின்னாலேயே போயிற்று. கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. செங்கோட்டை பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் எனக்கு மட்டும் சீட்டுக் கிழித்துவிட்டு நகர்ந்தார்.

“அண்ணே, இன்னொண்ணு தாங்க.”

“யாருக்கு?”

“இவருக்குத்தான்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “இங்கன இருக்காருல்லா.”