மூன்று தட்டு ஏலக்காய்

தோற்கத் தெரியாதவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை (பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்குச் சொல்வார்கள்). ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சிலமலையிலிருந்து போடிக்கு நடந்து வந்து, ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கியவன். பதினைந்தே வருடத்தில் அதே தெருவில் காய் பிரித்துச் சேமிக்கச் சொந்தக் கிட்டங்கி போட்டவன். இப்படியே ஜெயித்துக்கொண்டு வந்ததில் ஒரு சங்கடம் உண்டு. தோல்வி என்று ஒன்று வந்தபோது அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்று எனக்குப் பழக்கமில்லாமல் போயிற்று. அது என் அறுபத்தொன்பதாவது வயதில் வந்தது. பகல் பதினொரு மணிக்கு, இருபது கிழவன் கிழவிகளுக்கு முன்னால், என் கண்ணைக் கட்டியிருந்த நேரத்தில் வந்தது.

முதலில் என் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலக்காய் வியாபாரத்தில் எல்லாருக்கும் கண் வேலை செய்யும். எனக்கு விரல் வேலை செய்யும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினால் போதும், முதல் ரகமா, இரண்டாம் ரகமா, கழிசலா, எந்த மலையில் காய்த்தது, மழைக்கு முன்னால் பறித்ததா பின்னால் பறித்ததா என்று சொல்லிவிடுவேன். "அவர் தொட்டுச் சொன்னாருன்னா மறுபேச்சு இல்ல" என்று கடைவீதியில் பேச்சு.

அந்த விரல்கள் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சர்க்கரை வியாதி எனக்குப் பதினெட்டு வருடமாக உண்டு. அதை ஒரு வியாதியாகவே நான் மதித்ததில்லை. அது மெதுவாக விரல் நுனிகளைத் தின்றது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு துணி சுற்றின மாதிரி, பிறகு ஒன்றுமே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல் அள்ளுவேன், கண்ணை மூடுவேன், உருட்டுவேன். மூடிய கண்ணில் ஓரமாக ஒரு கீற்றுத் திறந்து பார்த்துவிட்டு ரகத்தைச் சொல்வேன். இது வெளியே தெரிந்தால் கடையில் என் நாற்காலி மகனுக்குப் போய்விடும். அது ஒன்றுதான் என் பயம்.

ஆனால் மருமகள் கவிதாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசலில் நின்று என் காலையே பார்த்தாள்.

"மாமா, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை. வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, கொதிக்கிற ரோட்டில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

"அறுந்து போச்சு. ஒருத்தன் தைக்கக் கேட்டான், குடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

"ஒத்தச் செருப்பையா?"

"ஒண்ணுதானத்தா அறுந்துச்சு."

மறுநாளே புதுச் செருப்பு வாங்கினேன். இனிமேல் கழன்று மானத்தை வாங்கக்கூடாது என்று, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து வாரை இழுத்து இறுக்கி ஆணி அடிக்கச் சொன்னேன். "இம்புட்டு இறுக்குனா காலுக்கு ஆகாது ஐயா" என்றார். "உன் சோலியப் பாரப்பா" என்றேன். இந்த ஆணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் வயதானவர்களுக்காக ஒரு பகல் நேர மையம் உண்டு. காலையில் போனால் சிஸ்டர் ஜெசிந்தா பிரஷர், சர்க்கரை பார்ப்பார். பிறகு கை கால் பயிற்சி, கேரம் போர்டு, பாட்டு, மத்தியானம் சோறு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். கவிதா என்னை அங்கே போகச் சொல்லி ஒரு மாதமாக நச்சரித்தாள். "அது கெழடுகளுக்கு" என்று தள்ளிவிட்டேன். அப்புறம் அவள் வேறு வழியில் வந்தாள்.

"அங்க கைப் பயிற்சிக்குச் சொல்லிக்குடுக்க வெவரமான ஆளு இல்லையாம் மாமா. சிஸ்டரு உங்களத்தான் கேக்குறாக. நீங்க பெரிய கை, ஒரு எட்டு வந்து வழி காட்டுனா நல்லாருக்கும்னு."

பெரிய கை என்ற சொல் என் காதில் விழுந்தது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த பொய் விழவில்லை. வெள்ளை வேட்டி சட்டையில் போய் இறங்கினேன்.

அங்கே ஒரு நீள மேசை. சுற்றிலும் வயதானவர்கள் உட்கார்ந்து மொச்சைக்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். விரலுக்குப் பயிற்சியாம். சிஸ்டர் என்னிடம் ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"நீங்களும் உக்காருங்க ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கிறேன்."

"நான் சொல்லிக்குடுக்க வந்தவன்" என்றேன். "இதென்ன, போடியில பொறந்துட்டு மொச்சைக்கொட்டை எண்ணிக்கிட்டு? நாளைக்கு நான் கொண்டாறேன் பாருங்க."

மறுநாள் கடை ஜீப்பில் அரை மூட்டை ஏலக்காயை ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் கிட்டங்கியிலேயே நல்ல காய். மேசையில் கொட்டினேன். அறை முழுக்க மணம் ஏறியது. "இத ரகம் ரகமாப் பிரிங்க. விரலுக்குப் பயிற்சியும் ஆச்சு, மூக்குக்கு விருந்தும் ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நின்றேன்.

கைதட்டல் வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். அங்கிருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர், வாழ்நாள் முழுக்கக் கிட்டங்கிகளில் தரையில் உட்கார்ந்து காய் பிரித்தவர்கள் என்பது இவ்வளவு பெரிய மூளைக்கு அதுவரை தோன்றவில்லை.

"நாப்பது வருசமாப் பிரிச்சது போதாதா மொதலாளி?" என்றது ஒரு குரல். "வெளையாடுறதுக்கும் இதத்தான் கொண்டாந்தீகளா?"

பேச்சியம்மா. என் கிட்டங்கியிலேயே இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். கண்ணில் புரை விழ ஆரம்பித்தபோது நான்தான் ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, "கண்ணு மங்கிருச்சு, வீட்டுல போயி இரு" என்று அனுப்பினேன். "கண்ணு போனா என்ன மொதலாளி, கை இருக்குல்ல" என்று அன்றைக்கு அவள் கேட்டாள். சேலை கொடுத்ததோடு பதிலும் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

மேசையின் மறுகோடியில் கருப்பையா சிரித்தார். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் எஸ்டேட் ஜீப்பு ஓட்டி ஓய்ந்தவர். ஒரு காதுதான் கேட்கும், ஆனால் வம்பு மட்டும் இரண்டு காதிலும் கேட்கும். "மாப்ளே, லோடு ஏத்துன எடத்துக்கே திரும்பிப் போகட்டும்" என்றார்.

அப்போதே மூட்டையைக் கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் என் வாய்க்குப் பின்னால் என் புத்தி ஓடிவந்து சேர எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"நீங்க யாரும் பிரிக்க வேணாம். நானே செய்றேன். கண்ணக் கட்டி விடுங்க, தொட்டே ரகம் சொல்றேன்."

விரல் செத்தவன் எந்தத் தைரியத்தில் இதைச் சொன்னான் என்று கேட்பீர்கள். துண்டால் கட்டுவார்கள், மூக்கோரமாக இடுக்கு இருக்கும், அது வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. சிஸ்டர் துண்டை எடுக்கவில்லை. கால் சுளுக்குக்குச் சுற்றுகிற பட்டையான துணிக்கட்டை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றிக் கிளிப் போட்டுவிட்டார். (சுத்தமான வேலை. அன்றைக்கு மட்டும் அவர் சோம்பேறியாக இருந்திருக்கலாம்.) ஒரே இருட்டு.

"தட்ட யாரு வைக்கிறது?" என்றார் சிஸ்டர்.

"நான் வைக்கிறேன்" என்றாள் பேச்சியம்மா.

முதல் தட்டு வந்தது. அள்ளினேன். கையில் ஏதோ இருக்கிறது என்ற அளவில்தான் தெரிந்தது. காற்றை அள்ளினாலும் இதைவிடக் கொஞ்சம்தான் குறைவாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் தலையை ஆட்டி, உருட்டி, யோசிக்கிற மாதிரி நிறுத்தி, "முதல் ரகம். வண்டன்மேட்டுக் காய். நல்ல பதத்துல காஞ்சிருக்கு" என்றேன்.

யாரும் பேசவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேன் போல என்று தைரியம் வந்தது. இரண்டாவது தட்டு வந்தது. எல்லாம் முதல் ரகமாக இருக்காது அல்லவா, அதனால், "நடுத்தரம். மழையில பறிச்சிட்டாங்க. பூப்பாறைப் பக்கம்" என்றேன். மூன்றாவது தட்டுக்கு இன்னும் துணிந்தேன். ஒரு பிடி அள்ளி, முகத்தைச் சுளித்து, தட்டிலேயே திருப்பிப் போட்டேன்.

"கழிசல். இத டீக்கடைக்காரன்கூட வாங்க மாட்டான். எவன் கொண்டாந்தது இத?"

கருப்பையா இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். பேச்சியம்மா நிதானமாகச் சொன்னாள்.

"மொதலாளி, மூணும் ஒரே தட்டு. உங்க மூட்டையில அள்ளுனதுதான்."

அந்த இருட்டுக்குள் எனக்கு ஒரு பழைய காலைப்பொழுது வெளிச்சமாகத் தெரிந்தது. வேலை கேட்டு வருகிற பெண்களைச் சோதிக்க நானே கண்டுபிடித்த வழி அது. கண்ணை மூடச் சொல்லி, ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப வைப்பேன். குருட்டாம்போக்கில் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ரகம் சொல்வார்கள், அனுப்பிவிடுவேன். பேச்சியம்மா வந்த அன்றைக்கு மூன்றாவது தடவை தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதையேதான வைக்கிறீக, வேற தட்டு இல்லையா?" என்று கேட்டாள். நின்ற இடத்திலேயே வேலை கொடுத்தேன். அந்தச் சோதனையில் யார் யாரையோ தோற்கடித்த நான், அதே தட்டில் விழுந்து கிடந்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்து மேசைமேல் மல்லாத்தி வைத்தாள்.

"விரல நீட்டுங்க. நுனியில ஒத்தக் காய வைக்கிறேன். தெரியுதா?"

"தெரியுது" என்றேன். இனிமேலாவது மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா.

"நல்லாத் தெரியுதா?"

"ஏன் தெரியாது? நல்ல பருவட்டான காய்."

"நான் இன்னும் வைக்கவே இல்ல மொதலாளி."

சிரிப்பு நின்றுவிட்டது. சிஸ்டர் வந்து கட்டை அவிழ்த்தார். முகத்தில் கேலி இல்லை.

"எத்தன நாளா ஐயா இப்படி?"

"ரெண்டு வருசம்" என்றேன். என் மகனிடம் சொல்லாததை இருபது பேர் முன்னால் சொன்னேன்.

"செருப்பக் கழட்டுங்க."

"கைதான மரத்துப்போச்சு, காலுக்கு என்ன?"

"கழட்டுங்க ஐயா."

வலது செருப்பு வந்தது. இடது செருப்பு வரவில்லை. சிஸ்டர் மெதுவாக அசைத்து எடுத்தார். காலோடு சேர்ந்து ஒட்டியிருந்தது. வாரை இறுக்க அடித்த ஆணி வளைந்து உள்பக்கம் எட்டிப் பார்த்து, சுண்டுவிரலின் அடியில் இறங்கியிருந்தது. எத்தனை நாளாகவோ காலைக் குனிந்து பார்க்காமல் அதன்மேல் நடந்திருக்கிறேன். விரல் கறுத்திருந்தது. அவ்வளவு நேரம் அறையில் இருந்த ஏலக்காய் மணத்துக்கு நடுவில் வேறொரு வாடையும் எல்லாருக்கும் அப்போதுதான் எட்டியது.

"ஜீப்பு நிக்குதுல்ல? வெரசாத் தூக்குங்க" என்று கருப்பையா எழுந்தார். தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் டிரைவருக்கு வழி நெடுக ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வந்தார். சுண்டுவிரல் போயிற்று. பத்து நாள் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார் டாக்டர். ஒரு பொய்யை மறைக்க அடித்த ஆணி அது. இன்னொரு பொய் வெளிப்பட்டதால்தான் அது அகப்பட்டது. பள்ளிக்கூடம் போயிருந்தால் இதற்கு ஏதாவது பெரிய வார்த்தை தெரிந்திருக்கும்.

நாற்காலி மகனுக்குப் போய்விட்டது. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடை நடக்கிறது (என் காலத்து அளவுக்கு இல்லை, அது வேறு). காய் தொட்டுப் பார்க்கக் கடைக்கு வரச்சொல்லி பேச்சியம்மாவை நானே போய்க் கூப்பிட்டேன். "உன் கண்ண மட்டும் பாத்தேன், கையப் பாக்கல. தப்புத்தான்" என்றேன். "இதச் சொல்ல இம்புட்டு வருசமா?" என்றாள். கடைக்கு வர மறுத்துவிட்டாள். "எனக்கு அங்க கேரம் போர்டு இருக்கு மொதலாளி. சோலி இல்லாமயா இருக்கேன்?"

ஆகவே நான்தான் மையத்துக்குப் போகிறேன். மொச்சைக்கொட்டையும் எண்ணுகிறேன். அதோடு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் செருப்பைக் கவிழ்த்து, உதறி, ஆணி, முள், கல் பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். போடியில் என்னளவுக்குச் செருப்பு பார்க்க ஆள் கிடையாது, இதை எங்கேயும் சொல்வேன்.

வீட்டில் மட்டும் மானம் திரும்பவில்லை. கல்யாண வீட்டில் நான் ஏதாவது பெருமை பேச ஆரம்பித்தால், மகன் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டே, "இது எத்தனாவது தட்டுப்பா?" என்கிறான். சம்பந்தி வீட்டார்வரை கதை தெரியும். தினமும் சாயங்காலம் என் பாதத்தைக் கண்ணாடி பிடித்துப் பார்ப்பதற்கே எங்கள் வீட்டில் தட்டு பார்ப்பது என்று பெயர். "மாமா, தட்டு நீட்டுங்க" என்பாள் கவிதா. நீட்டுவேன். கால் முழுக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பஞ்சை எடுத்து விரல் விரலாகத் தொட்டுக்கொண்டு வருவாள்.

"இங்க தெரியுதா மாமா?"

இப்போதெல்லாம் நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை.

"மொதல்ல வச்சிட்டியான்னு சொல்லுத்தா."