நிறுத்தி வைத்தவை

“மோட்டார்க்காரரைக் கூப்பிட்டீங்களா, இல்லீங்களா?”

தனப்பிரியா கேட்டபோது தமிழரசு வாழைத்தோட்டத்துக்குக் கிளம்பி நின்றான். தண்ணீர் மோட்டார் ஓடாமல், குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் அன்று இருவரும் குளித்திருந்தார்கள். மறுநாள் ஆத்தூரிலிருந்து அவளுடைய அண்ணன் குடும்பமே வருகிறது.

“லிஸ்ட்டு அத்தனை நீளம் இருந்தா எதையின்னு பார்க்கிறது கண்ணு?” என்றான்.

லிஸ்ட் அவளுடைய ஏற்பாடு. நாமக்கல்லில் அவள் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனியில் எல்லோரும் வைத்திருந்த வேலைப் பட்டியல் ஆப்பை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள். அவள் ஏற்றுகிற வேலை அவன் போனிலும் தெரியும். அதில் பாதி, தமிழரசு ஆசைப்பட்டுச் சொல்லி, அவள் ‘நிறுத்தி வைத்தவை’ என்று ஒதுக்கியவை. வேண்டாம் என்றால் அவன் முகம் தொங்கிவிடும். நிறுத்தி வைத்தால் தொங்காது.

அவன் சொல்வதும் நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பரமத்தி வேலூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஃபில்டர் போட்டாள். நிறுத்தி வைத்தவை எல்லாம் மறைந்தன. மோட்டார், கேஸ், பாத்ரூம் தாழ்ப்பாள் மட்டும் பளிச்சென்று நின்றன. உடனே அவனைக் கூப்பிட்டாள்.

“இனி உங்க போன்ல அவசர வேலை மட்டுந்தான் தெரியுமுங்க. ஃபில்டர் போட்டுட்டேன்.”

“அப்படியா? சரி கண்ணு. என்ன தெரியுதோ அதைச் செஞ்சுபோடறேன்.”

ஆபீசில் டீ வந்த நேரத்தில் அவனே கூப்பிட்டான். பின்னால் ஏதோ கூவியது.

“சேவல் வாங்கியாச்சு கண்ணு.”

“என்ன சேவலுங்க?”

“பெருவிடை நாட்டுச் சேவல். லிஸ்ட்டுல இருந்துச்சே.”

தனப்பிரியா டீயைக் கீழே வைத்தாள். சேவல் நிறுத்தி வைத்தவற்றில் ஒன்று. அவள் போனில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்படியானால் அவன் போனில் தலைகீழாகப் போயிருக்க வேண்டும். ‘மறை’ என்று இருந்ததை ‘காட்டு’ என்று மாற்றினாள். அவள் போனில் மோட்டார் காணாமல் போய், நிறுத்தி வைத்தவை வரிசையாக வந்து நின்றன. இங்கே தலைகீழானால் அங்கே நேராகியிருக்கும் என்று தேற்றிக்கொண்டாள்.

“இப்பச் சரியாத் தெரியுதுங்களா?”

“ம்… தெரியுது, தெரியுது.”

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மறுபடி அழைப்பு.

“பழைய பைக்கை மெக்கானிக்குக்கிட்ட உட்டுட்டேன். இஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டாரு.”

“ஐயோ, அது மாட்டுக் கொட்டாய்ல பல வருசமா நிக்குதுங்களே! அதை யாருங்க இன்னைக்கு எடுக்கச் சொன்னது?”

“லிஸ்ட்டுல மேல அதுதானே நின்னுச்சு.”

பழைய ஃபில்டரை அழித்தாள். யோசித்து, ‘இன்றைய தேதி போட்ட வேலை மட்டும்’ என்று புதிதாக ஒன்று போட்டாள். எந்த வேலைக்கும் அவள் தேதி போட்டிருக்கவில்லை. திரை வெளுத்துப் போய், நடுவில் ஒரு காபிக் கோப்பைப் படம் வந்தது. ‘இன்று வேலை எதுவும் இல்லை. ஓய்வெடுங்கள்!’

பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, உங்களுக்கும் வேலை எதுவும் இல்லைன்னா காட்டுது?”

“ஆமா கண்ணு, அதையேதான் காட்டுது. அதான் கூட்டாளிப் பசங்களோட கொல்லிமலைக்குக் கிளம்பிட்டேன். கார்ல ஏறியாச்சு. பொழுதோட வந்தர்றேன்.”

கொல்லிமலையும் நிறுத்தி வைத்ததுதான். ஆனால் ஓய்வெடுக்கச் சொன்னது அவளுடைய ஃபில்டர். என்ன சொல்லித் திட்டுவது?

மோட்டார்க்காரருக்கு அவளே போன் போட்டாள். “காலையில சொல்லியிருந்தா வந்திருப்பனுங்க. இப்ப கரூர்ல இருக்கறேன். நாளைக்குச் சாயங்காலந்தான் வர முடியுமுங்க” என்றார் அவர். கேஸுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் நிற்கிற காட்சி அவள் கண்முன் வந்து போனது.

வீடு திரும்பும் பஸ்ஸிலிருந்து கணவனைக் கூப்பிட்டு மன்னிப்பே கேட்டுவிட்டாள்.

“உங்க மேல தப்பில்லீங்க. நான்தான் ஃபில்டரை மாத்தி மாத்திக் கெடுத்துட்டேன்.”

“அதனால என்ன கண்ணு. போகப்போகப் பழகிக்கலாம்” என்றான் தமிழரசு. மலைக்காற்றில் அவன் குரல் பெருந்தன்மையாக ஒலித்தது.

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சரிதாவின் செல்போன் கடை. அவர்கள் வீட்டுப் போன்களுக்கு வந்த வியாதிகளையெல்லாம் குணமாக்கியவள் அவள்தான். தனப்பிரியா நடந்ததையெல்லாம் சொல்லிப் போனை நீட்டினாள். சரிதா நாலு தடவை தட்டிப் பார்த்தாள்.

“உங்க போன்ல இப்ப எல்லாம் சரியா வருதுங்கக்கா.”

“என்னோடது கிடக்குது சரிதா. அவரு போன்லதான் மாறி மாறித் தெரியுது. நாளைக்கு அதை வாங்கியாறேன், ஃபில்டரை மட்டும் சரி பண்ணிக் குடு.”

சரிதா நிமிர்ந்து பார்த்தாள்.

“தமிழரசு அண்ணன் போன்லயா? போன மாசம் டிஸ்ப்ளே மாத்த வந்தப்பவே அந்த ஆப்பைத் தூக்கிப்போடச் சொல்லிட்டாரே, நான்தானுங்கக்கா அழிச்சுக் குடுத்தேன்!”