மதகு சொல்தாவும் ஆல்ப்ஸ் ஏரிகளும்

ஆல்ப்ஸ் மலைக்குப் போய், அந்த மலைக்கே முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு வந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். இவர் மதகு சொல்தா. நிஜப் பெயர் பென்ஷன் காகிதத்தில் இருந்திருக்கும். தெருவில் ஒருத்தருக்கும் அது தேவைப்படவில்லை.

அப்போது, இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நான் ஒரு வாரப் பத்திரிகையில் உலகப் பயணத் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு உலகம் என்பது திண்டிவனம் வரைதான். அதைத் தாண்டினால் பஸ்ஸில் வாந்தி வரும். பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் எகிப்தைச் சுற்றிவிட்டு, வழியில் ஒரு டீ குடித்து, வீட்டுக்கு வந்து எழுதுவேன். ‘நேரில் பார்த்தது போல் இருந்தது’ என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். அதை வெட்கமில்லாமல் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டுவேன்.

ஒரு நாள் ஆசிரியர் போன் செய்தார். “அடுத்தது ஆல்ப்ஸ் ஏரிகள். அட்டைப்படக் கட்டுரை. ஆனா நெட்ல சுட்ட படம் வேணாம் சார். சொந்தப் படம் இல்லேன்னா தொடரை இதோட முடிச்சுக்கலாம்.”

“படமா? எதிர்வீட்ல ஒரு ஆல்பமே இருக்கு சார். மொத்த ஆல்ப்ஸும் அதுலதான்” என்று அடித்துவிட்டேன். சொல்தா லீவு கிடைத்தபோதெல்லாம் ஏரி ஏரியாகச் சுற்றியவர் என்பது தெருவுக்கே தெரியும். ஆல்பத்தை நான் பார்த்ததில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைப் புரட்டினார். தண்ணீரில் வரிசையாக நட்ட மரக்கட்டைகள், பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை.

“இது லூசெர்ன் ஏரி.”

“ஏரி எங்க முசியே?”

“இதான்யா! கட்டைய வரிசையா நட்டுத் தண்ணிய நிறுத்தறான் பாரு. தண்ணி ஏறிச்சின்னா நாலு கட்டைய உருவிடுவான். கையால! நம்ம பாகூர் ஏரிக்கு இப்பிடி ஒரு ஆளு இருக்கானா?”

அவசரமாக மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். சொல்தா பாகூர்ப் பக்கம் கழனி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஏரியைப் பார்த்தால் அந்தக் கண் முதலில் மதகைத் தேடும். அதற்கப்புறம் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கலைத் தேடும். அதற்கப்புறம் கேமராவை மூடிவிடும். எண்பது சொச்சம் படங்களிலும் கரை, கல், கால்வாய், அளவு தெரிவதற்காகக் கிடத்திய குடை. ஓர் ஏரியில், வெளியே ஆற்றில் வெள்ளம் வந்தால் வாய்க்கால் தண்ணீர் திரும்பி ஏரிக்குள்ளேயே வருமாம். அதற்கு மட்டும் ஒன்பது படம்.

“ஒரு மலைகூடவா எடுக்கல முசியே?”

“மலை எதுக்குய்யா? அது இன்னா ஓடியா போவுது? தண்ணிதான் போவுது. அத்த எடுக்க வேணாமா?”

என் தொடரும் தண்ணீரோடு போவது கண்ணுக்குத் தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்போது சமையலறையிலிருந்து அவர் மனைவி, நாங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவர், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“மலைதான வேணும்? நான் எடுத்தது ஒண்ணு இருக்கு.”

பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்சி ஏரி. பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், ஒரு வெள்ளைப் படகு, பின்னால் பனி போர்த்திய சிகரங்கள். அடடா! ஆனால் படத்தின் நட்டநடுவில், ஏரி ஆறாக வெளியேறும் வாயில், சொல்தா குப்புறப் படுத்துத் தலையைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கவிட்டிருந்தார். கேமராவைப் பார்த்தபடி இருந்தது அவருடைய பின்பக்கம்.

“இருவது வருசமா நான் பாத்த ஆல்ப்ஸு இதான்” என்றார் மதாம்.

“ழமே! நடக்கவே நடக்காது!” என்று பிரெஞ்சிலும் தமிழிலுமாகச் சொல்தா குதித்தார். “எம் மானம் மெட்ராஸ் வரைக்கும் போவணுமா?”

காலில் விழுந்தேன். உவமை இல்லை, நிஜமாகவே விழுந்தேன். பொழைப்பு சார்! கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். “படத்துக்குக் கீழ, தண்ணி எந்தப் பக்கமா வெளிய போவுதுன்னு ஒரு வரி எழுதணும். அது இல்லேன்னா அது ஏரியே இல்ல, குட்டை.” கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அட்டைப்படம் பிரமாதமாக வந்தது. என் தொடர் பிழைத்தது. ஆனால் அந்த ஒரு வரிக்கு இடமில்லை என்று ஆசிரியர் வெட்டிவிட்டார். அதற்குப் பதில் அவரே எழுதியிருந்தது: ‘ஆல்ப்ஸ் அழகில் மயங்கி விழுந்த ரசிகர்!’

சொல்தா பத்திரிகையோடு நடுத்தெருவில் நின்றார். “எவன்யா மயங்குனது? நான் மதகுப் பலகைய எண்ணிக்கினு இருந்தேன்! சத்தியம் பண்ண கைதான அது?”

ஆசிரியர்மேல் பழியைப் போட்டு நழுவப் பார்த்தேன். சொல்தா கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மழை, வெயில், சாயங்காலம் எதுவானாலும் குடை. இரண்டு வருஷம் ஓடிற்று. இவர் பேசாவிட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். போகப்போக எனக்கென்னவோ எதிர்வீடே காலியான மாதிரி இருந்தது.

பிறகு பிரான்சில் இருக்கும் என் மைத்துனன், குழந்தையின் காதுகுத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினான். ‘ஆல்ப்ஸின் எலும்பை உருக்கும் குளிர்’ என்று எழுதியவன் நானல்லவா! மூன்று ஸ்வெட்டர், குரங்குக் குல்லாயோடு, மைத்துனனையும் இழுத்துக்கொண்டு அன்சியில் போய் இறங்கினேன். ஜூலை மாதம். ஊரே ஏரியில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. வியர்த்து ஒழுகியபடி ஏரியின் வாய்க்குப் போனேன். சொல்தா படுத்த இடம் என்று தோன்றிய இடத்தில் குப்புறப் படுத்தேன்.

“மாமா, எழுந்திரிங்க! ஜனங்க பாக்குறாங்க!”

“பாக்கட்டும். நீ பின்னாலேர்ந்து ஒரு படம் எடு.”

ஊர் திரும்பியதும் படத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். சொல்தா பூதக்கண்ணாடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தண்ணி எந்தப் பக்கம் போவுது?” இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“வடமேற்கு மூலையில வெளிய வந்து, ஊருக்குள்ள பூந்து போவுது முசியே. படத்துக்குப் பின்னால எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

திருப்பிப் படித்தார். மதாம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, இன்னொண்ணா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். சொல்தா பீரோவிலிருந்த பழைய படத்தை மதாமிடம் கேட்டு வாங்கி, அதையும் என் படத்தையும் ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினார்.

கிளம்பும்போது மத்தியான வெயில் கொளுத்தியது. எங்கள் வீடு பத்தடிதான். சொல்தா அந்தக் கறுப்புக் குடையை விரித்து, என் தலைக்குப் பிடித்தபடி தெருவைத் தாண்டிக் கூடவே வந்தார்.