வருகை தந்தோர்

செம்மைநாட்டில் யாருடைய பாட்டையும் யாரும் திருத்தக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. ஆட்சிக்கு வரும் ஒவ்வொரு நாட்டுக்காவலரும் பதவியேற்கும்போது, "ஒருவர் பாடிய பாட்டில் ஒரு சொல்லையும் ஓர் ஓசையையும் மாற்ற மாட்டேன்" என்று கை உயர்த்திச் சொல்ல வேண்டும். அப்போது ஆட்சியில் இருந்தவர் இரண்டு தேர்தல்களில் வென்றவர் என்பதால் அதை இரண்டு முறை சொல்லியிருந்தார். அந்த வாக்கை அவர் ஒருநாளும் மீறவில்லை. நடந்ததெல்லாம் மீறாமலேயே நடந்தது.

நாட்டின் மேற்கு எல்லையில் மூங்கிலாற்றுக்குக் குறுக்கே ஓர் அணை. ஓர் ஆடி மாதப் பகலில், எந்த அறிவிப்பும் இல்லாமல் அதன் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். கீழே நாணற்படுகை ஊர்க்காரர்கள் ஆற்றுக்குள் துணி துவைத்துக்கொண்டும் மாடு குளிப்பாட்டிக்கொண்டும் இருந்தார்கள். முப்பத்தொரு பேர் போனார்கள். பதினெட்டு உடல்கள்தான் கிடைத்தன.

கிடைக்காதவர்களில் ஒருத்தி இளஞ்சியம். அவளுடைய அக்கா பவளாயி கோயில் கொடை விழாக்களில் பாடுகிறவள். பதினாறாம் நாள் பவளாயி ஊர்ப் பொதுவிடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினாள். அதில் அலங்காரம் எதுவும் இல்லை. முப்பத்தொரு பேரின் பெயர்கள், ஒவ்வொருவரும் எதற்காக ஆற்றுக்குப் போனார்கள் என்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு அடியும் 'வந்தியா' என்று முடியும்.

போர்வை அலசப் போன இளஞ்சியம் வந்தியா.

அந்த இடத்தில் மட்டும் அவள் தொண்டை இடறியது. யாரோ செல்போனில் பதிவு செய்தார்கள். 'மதகு திறந்து செத்தவர்கள் பாட்டு' என்று பெயர் போட்டு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் அது நாடு முழுக்கப் போய்விட்டது. பேருந்தில் அது ஒலித்தால் நடத்துநர் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு நிற்பார். சந்தையில் தராசு பிடித்த கை அப்படியே நிற்கும். அணையைத் திறக்கச் சொன்னது யார் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். தேர்தலுக்கு ஏழு மாதம் இருந்தது.

மந்திராலோசனையில் ஒருவர், பெயர்களை மட்டும் பாட்டிலிருந்து வெட்டிவிடலாம் என்றார். நாட்டுக்காவலர் திடுக்கிட்டார்.

"நான் வாக்குக் கொடுத்தவன். பாட்டின்மேல் கை வைப்பதா?"

பெயர்களைச் சீரமைக்கும் துறையின் அமைச்சர் அருந்தவப்பிரியர் எழுந்தார். மெல்லிய குரலில் பேசும் மனிதர். "தேவையே இல்லை ஐயா. பாட்டு அப்படியே இருக்கட்டும். கோப்பின் மேலே ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் மாற்றுவோம். பெயர் பாட்டின் பகுதி அல்ல. புட்டிமேல் ஒட்டிய சீட்டு மருந்தாகிவிடுமா?"

மறுநாள் காலை, நாட்டின் எல்லாச் செல்போன்களிலும் அந்தக் கோப்பின் பெயர் 'அணைத் திறப்பு விழாவுக்கு வருகை தந்தோர்' என்று மாறியிருந்தது.

முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். "யார ஏமாத்துறானுங்க?" என்றார்கள். ஆனால் பாட்டு வேண்டுமென்றால் அந்தப் பெயரில்தான் தேட வேண்டியிருந்தது. கடையில் போடச் சொன்னால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு டீக்கடைக்காரர் காலையில் கடை திறந்ததும் அதைச் சத்தமாக வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒவ்வொரு 'வந்தியா'வுக்கும் கைதட்டக் கற்றுக்கொண்டார்கள். சித்திரக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், விருந்தாளிகள்மேல் பன்னீர் தெளித்து உள்ளே அழைக்கும்போது அது ஒலித்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பவளாயியும் போயிருந்தாள்.

தன் குரலையே ஒலிபெருக்கியில் கேட்டாள். இளஞ்சியத்தின் அடி வந்தது. தொண்டை இடறிய இடத்தில், பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையிடம் சொன்னாள்: "கேளு, எம்புட்டு சந்தோசம் பாரு அந்தப் பாட்டுக்காரிக்கு. சிரிப்ப அடக்க முடியல."

பவளாயி சாப்பிடாமல் ஊர் திரும்பினாள். அடுத்த வீட்டு ராக்கு தன் வாசலில் நின்றிருந்தாள். அவள் புருஷன் கருவாயன் அன்று காளையோடு போனவன். உடல் கிடைத்து, பவளாயி கண்முன்னேதான் அடக்கம் செய்தார்கள். ராக்குவின் வீட்டுக்குள் சாப்பாட்டுக்கு இரண்டு இலை போட்டிருந்தது.

"யாருக்குக்கா ரெண்டாவது எல?"

"அவருக்குத்தான். விழாவுக்குப் போயிருக்காருல்ல. பசியோட வருவாரு."

"அக்கா, மாமாவ நாமதான பொதச்சோம்?"

ராக்கு அவளைக் கோபமில்லாமல் பார்த்தாள். "உன் பாட்டுதான சொல்லுது வந்திருக்காங்கன்னு. நீதான பவளா பாடுன? அந்தப் பழைய பேரு எனக்கு வேண்டாம். அதக் கேட்டா நான் தூங்க மாட்டேன். இந்தப் பேர்ல அவரு போகல. வந்திருக்காரு."

அந்த வீட்டின் இருட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. பவளாயி திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாளே வழக்குப் போட்டாள்.

தலைநகரின் பெரிய நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. அரசின் கணினி நிபுணர் கூண்டேறினார். ஒரு கோப்புக்குள் இருப்பதையெல்லாம் கணக்கிட்டால் ஓர் அடையாள எண் வரும், உள்ளே இம்மி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்று விளக்கினார். பழைய கோப்பின் எண்ணையும் புதிய கோப்பின் எண்ணையும் படித்தார். இரண்டும் ஒன்றே.

"ஆக, பாட்டு மாறவில்லை?" என்றார் நீதிபதி.

"ஒரு துளிகூட மாறவில்லை, கனம் நீதிபதி அவர்களே."

பவளாயி சொன்னாள்: "ஐயா, ஒருக்கா போட்டுக் கேளுங்க."

போட்டார்கள். இரண்டாவது அடியிலேயே மன்றத்தில் இருந்தவர்களின் தலைகள் ஆடத் தொடங்கின. சேவகர் விரலால் மேசையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்தபோது நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இதைத்தான் வைத்தோம் அம்மா. நீங்கள் பாக்கியசாலி."

"பேரு பாட்டோட சேர்ந்தது இல்லன்னா, பழைய பேரையே திரும்ப வச்சுக்க விடுங்களேன். அதால என்ன மாறிடும்?"

அமைச்சர் அருந்தவப்பிரியர் எழுந்தார். "பழைய பெயரைச் சொல்வது பொது அமைதிக்குக் குந்தகம். ஆறு மாதம் சிறை."

"ஒண்ணுமே இல்லாத பேருக்கு ஆறு மாசமா ஐயா?"

எழுத்தர் அவளுடைய மனுவையும் கேள்வியையும் ஓர் எழுத்துக்கூட விடாமல் படியெடுத்து, ஒரு கோப்பில் வைத்து மேலே 'நன்றியுரை' என்று எழுதினார். பாட்டு மாறவில்லை என்று தீர்ப்பெழுதி நீதிபதி வழக்கை முடித்தார்.

தீர்ப்பு வந்த பிறகு அரசுக்குத் தைரியம் வந்தது. பெயரை மாற்றினால் பொருள் மாறாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே. நாணற்படுகையின் உப்புக் கிணற்றுக்கு இளநீர்க் கிணறு என்று பெயர் வைத்தார்கள். அதனால் குடிநீர் வண்டி நின்றது. விஷக்காய்ச்சலுக்கு நலவெப்பம் என்று பெயர் வைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில், "நலமாக இருப்பவர்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஜனங்கள் உப்புத் தண்ணீரைக் குடித்து, இனிக்கிறது என்றார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் நாக்குக்கு இனித்தது. குடித்தவர்களின் உதடுகள் மட்டும் வெடித்திருந்தன.

இறந்தவர்களுக்காக ஊர் கேட்டுப் பெற்றது ஒன்றே ஒன்று. மதகு திறக்குமுன் ஊளையிடும் அபாய ஒலி. ஆற்றங்கரையில் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அந்த ஒலியும் அணை அலுவலகக் கணினியில் ஒரு கோப்புதான். அதன் பெயரை 'அழைப்பிசை' என்று மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அணைப் பொறியாளர் தயங்கிக்கொண்டே அமைச்சரிடம் கேட்டார்.

"ஒலி அதேதானே?" என்றார் அமைச்சர்.

"அதேதான் ஐயா."

"பிறகென்ன?"

ஐப்பசியில் மலையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை வெயில் அடித்தது. பத்து மணிக்கு ஒலிபெருக்கி நீளமாக ஊளையிட்டது. வீடுகளில் பெட்டிகளைத் திறந்து நல்ல துணியாக எடுத்து உடுத்தினார்கள். பூ வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பவுடர் பூசினார்கள். கதவைச் சாத்திவிட்டு ஊரே ஆற்றுக்குள் இறங்கியது. மணல் இன்னும் காய்ந்துதான் இருந்தது. எல்லோரும் நடு ஆற்றில் நின்று அணைப் பக்கம் பார்த்தார்கள்.

பவளாயியும் போனாள். அதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை. அந்த ஊளை காதில் விழுந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது, கால் தானாக நடந்தது என்றாள். எதிர்க்கரை நாணலுக்குள் நனைந்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருத்தி நிற்பது தெரிந்தது. அவள் சிரித்தாள். பவளாயி இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். தங்கச்சிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கக் கண்ணை உயர்த்தினாள்.

உயரே, குன்றின் மேல், பந்தல் போட்டிருந்தது. நாட்டுக்காவலர் உட்கார்ந்திருந்தார். அருந்தவப்பிரியர், கணினி நிபுணர், நீதிபதி எல்லோரும் இருந்தார்கள். கீழே ஆற்றில் ஓர் அதிகாரிகூட இல்லை. அவர்களுடைய வண்டியோட்டிகளும் குன்றின் மேலேயே இருந்தார்கள்.

கூப்பிட்டவர்கள் ஏன் இறங்கி வரவில்லை?

அவள் மறுபடி எதிர்க்கரையைப் பார்த்தபோது நாணல் மட்டும் ஆடியது.

"ஓடுங்க! மதகத் தெறக்கப் போறாங்க, கரைக்கு ஓடுங்க!"

ஜனங்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். முகங்கள் மலர்ந்தன. நாடே அறிந்த குரல் அது. "பவளாயி பாட ஆரம்பிச்சிட்டா" என்று யாரோ சொன்னார்கள். அவள் கத்தக் கத்த, அவர்கள் தாளம் தவறாமல் கைதட்டினார்கள்.

பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற ராக்குவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு பவளா! அந்தா நிக்கிறாரு, காளையப் புடிச்சுக்கிட்டு. என்னையத்தான் பாக்குறாரு!"

பவளாயி விடவில்லை. கூந்தலைப் பிடித்து மணலில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். ராக்கு கடித்தாள், அலறினாள். அவளைக் காப்பாற்ற மூன்று பேர் திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். ஐந்து பேரும் கரையேறிக் கட்டிப்புரண்டு கொண்டிருந்தபோது தண்ணீர் வந்தது.

கைதட்டல் ஒரேயடியாக நின்றது. அழைப்பிசை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஒலித்தது.

ராக்கு சண்டையை நிறுத்தி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு செத்துட்டாருடி" என்றாள். பவளாயி மடியில் முகத்தைப் புதைத்து, கருவாயன் போனதற்கு அன்றுதான் அழுதாள்.

மறுநாள் பவளாயியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓர் இளம் அதிகாரி தண்ணீர் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிழைத்த ஐந்து பேரில் நாணற்படுகைக்காரர்களை முழுக்கத் தெரிந்தவர் பவளாயிதான், அதனால் ஆற்றில் நின்றவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவள் சொன்னாள். ஒவ்வொருவரும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதையும் சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அவர் ஒரு பிழையும் இல்லாமல் கணினியில் ஏற்றி, திரும்பப் படித்துக் காட்டினார். எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது.

"மேல என்னன்னு போடுவீங்க?" என்று பவளாயி கேட்டாள்.

அவர் திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் அம்மா. தலைப்பு போன வாரமே வந்துவிட்டது."