கழிவு ஐயா போட்ட முழுப் புள்ளி

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, பேனாவை எடுத்து, பயந்து கீழே வைத்திருக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. அதைவிடப் பெரிய பயம், "கால்வாசி தண்ணி தம்பி" என்று கழிவு ஐயா எங்கிருந்தாவது சொல்லிவிடுவாரோ என்பதுதான். முருகனை வேண்டிக்கொண்டு இன்று எழுதிவிட்டேன்.

சாமி நேரில் வந்து வரம் கொடுத்தாலும், அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு வாங்கக்கூடிய ஒரே மனிதர் பதுளை பஜாரில் அவர்தான்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தே தலை நரைத்த கணக்கப்பிள்ளை. ஈரக் கொழுந்து கனம் காட்டும் என்று தண்ணீருக்குக் கொஞ்சம் கழிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கோயில் பொங்கலில் கழிப்பார். என் மனைவி கொடுக்கும் தேநீரில் கழிப்பார்.

"சாயம் நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் ஜாஸ்தி. முக்கால் போடலாம்."

"அப்ப மிச்சக் காலை வச்சிட்டுப் போங்க" என்பாள் அவள். ஒரு சொட்டு வைக்கமாட்டார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் என் டெலிபோன் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டேன். அதில் ஒன்று ஐயாவுக்கே எழுதி வைத்தது போல ஆயிற்று. உலகத் தமிழர்கள் கூடிப் பேசும் ஒரு இணையக் களத்தில் சேர்ந்தார். அங்கே ஒருவர் எழுதியதற்கு மற்றவர் புள்ளி கூட்டலாம், குறைக்கலாம். தராசு திரும்பக் கிடைத்த மாதிரி ஐயாவின் முகம் மலர்ந்தது.

கனடாக்காரர் ஒருவர் அம்மாவைப் பற்றிக் கவிதை எழுதினார். "நாலு வரிதான் அம்மா, மிச்சம் பூரா தண்ணி" என்று குறைத்தார். சிங்கப்பூர் அம்மையாரின் ரசத்துக்கும் குறைத்தார்.

"ரசம் தண்ணியாத்தானே ஐயா இருக்கும்?" என்றேன்.

"அதுக்காக நிறுவையில விட முடியுமா?"

களத்தில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லோரும் சேர்ந்து அவருடைய புள்ளியைக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளினார்கள். கீழே போனவர் மற்றவர்களுக்குப் புள்ளி போடலாம், ஆனால் ஒரு வரி எழுத முடியாது. அது அந்தக் களத்துச் சட்டம். "பொறாமை" என்று சொல்லிவிட்டு, ஐயா தொடர்ந்து குறைத்தார்.

அந்த மழைக்காலத்தில்தான், குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண் அங்கே எழுதியிருந்தாள். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டக்காரி. ஊரில் மண் சரிந்ததாம். கீழ் லயத்து வரிசை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள், போன் கிடையாது, அந்தப் பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். பிரார்த்திக்கிறோம், பிரார்த்திக்கிறோம் என்று உலகமே பதில் எழுதியது. கழிவு ஐயா குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் சேறு அப்பிய வேட்டியோடு கடைக்குள் வந்தார். "கிழவி நல்லா இருக்கு தம்பி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்க. எனக்கே ரொட்டி சுட்டுக் குடுத்துச்சு."

"ரொட்டியில கழிச்சீங்களா?"

"உப்பு கம்மி. அதை விடு, அந்தப் புள்ளைக்குச் சொல்லணும்."

சொல்ல முடியவில்லை. அவர் புள்ளி பாதாளத்தில் கிடந்தது. நான் புதிதாகச் சேர்ந்து பார்த்தேன். புதியவர் எழுத ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமாம். ஐயா சேற்று வேட்டியோடு கம்ப்யூட்டர் முன்னாலேயே நின்றார்.

"நீங்க குறைச்சவங்களுக்கெல்லாம் கூட்டிப் போடுங்க ஐயா. அவங்களும் திருப்பிப் போடுவாங்க."

"கழிக்காமலா?"

"கழிக்காமத்தான்."

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்தார். கவிதைக்கு முழுப் புள்ளி. ரசத்துக்கு முழுப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் "முருகா, மன்னிச்சிரு" என்றார். ரசத்துக்கு மட்டும் இரண்டு தடவை. நான் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

பொழுது சாய்வதற்குள் புள்ளிகள் திரும்பி வந்தன. முதலில் போட்டவர் அந்தச் சிங்கப்பூர் அம்மையார்தான். பூஜ்யத்தைத் தாண்டியதும் ஐயா ஒற்றை விரலால் தட்டினார்: "அம்மா சுகம். நேரில் பார்த்தேன். ரொட்டி சுட்டுத் தந்தார்."

மறுநாள் அந்தப் பெண்ணின் பதில் வந்தது. தெய்வமே, அப்பா, தெய்வமே என்று ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப. ஐயா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

"பூராவும் ஈரமா இருக்கு தம்பி."

கழிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். முழுப் புள்ளி போட்டார். போட்ட கையோடு, ரசத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஐயா இப்போது இல்லை. இதை யாருக்காவது சொன்னால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். கூட்ட வேண்டாம். கழிக்கிற உரிமை அவர் ஒருவருக்குத்தான்.